வாடை நின்றுபோன காலை

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவே, மலையடிவாரத்தை ஒட்டிய ஒரு கிராமத்தின் மேய்ச்சல் நிலத்தில் நான் புழுக்கை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். அதுதான் அப்போது என் வேலை. மேய்ச்சல் நிலம் எப்படிச் சாகிறது, சும்மா விட்டால் எப்படிப் பிழைக்கிறது, மலையிலிருந்து மானும் முயலும் எவ்வளவு தூரம் இறங்கி வருகின்றன, மண்ணில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்றெல்லாம் ஆராய்ச்சி செய்ய வந்தவள். மானைக் கண்ணால் பார்த்து எண்ண முடியாது. அது போட்டுவிட்டுப் போனதைத்தான் எண்ண முடியும். நைலான் கயிற்றைத் தரையில் நேராக இழுத்துக் கட்டி, கயிறு போகிற வழியெல்லாம் குனிந்தபடியே நடந்து, இது மான், இது ஆடு, இது முயல் என்று பிரித்துப் பிரித்துப் பார்ப்பேன். வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஊர்க்காரர்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

"எம்மாம் படிப்பு படிச்சிட்டு வந்து இன்னாத்தப் பொறுக்குது பாரு" என்று யாராவது ஒருவர் தினமும் சொல்வார். நானும் தினமும் சிரிப்பேன்.

அந்த நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழை பெய்து காய்ந்தால் மண்மேல் வெள்ளையாகப் பூக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ மாவு சலித்துப் போட்ட மாதிரி இருக்கும். தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு. ஒரு காலத்தில் இதே நிலத்து ஆவாரம்பட்டையை உரித்துக்கொண்டு போய்த்தான் தோல் பதனிட்டார்கள். பிறகு பட்டைக்குப் பதிலாகக் குரோம் ரசாயனம் வந்தது. பட்டைக்காக யாரும் நிலத்தைத் தேடி வரவில்லை. கழிவுத் தண்ணீர் மட்டும் வழி தெரிந்து வந்தது. அருகம்புல் இருந்த இடத்தில் வேலிகாத்தான் என்கிற சீமைக்கருவேல முள் நின்றது. அதற்கும் கீழே வெறும் மண். அதையும் ஆடுகள் மோந்து மோந்து பார்த்துக்கொண்டு போகும்.

நிலம் தானாகத் தேறுமா என்று பார்க்க, நான்கு இடங்களில் கம்பி வேலி போட்டு ஆடு மாடு புகாமல் அடைத்திருந்தேன். ஊரில் அதற்கு மேடத்து ஜெயில் என்று பெயர்.

பெயர் வைத்தவள் ஆடு மேய்க்கும் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும், முப்பதைத் தொட்டும் தொடாமலும். ஆடுகளை அவிழ்த்துவிட்டு, புங்கமரத்தடியில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவாள். கண் ஆட்டின் மேல் இருக்கும், விரல் இலையின் மேல் இருக்கும், வாய் என் மேல் இருக்கும்.

"புல்லு இன்னா தப்பு பண்ணுச்சி மேடம், கம்பி போட்டு உள்ள வச்சிகிற?"

"வளருதான்னு பாக்கறேன்க்கா."

"எங்க ஆடு வெளிய நின்னு பாக்குதே, அத்த ஒண்ணும் பாக்க மாட்டியா?"

அவள் கணவர் தோல் ஷாப்பில் லோடு ஏற்றும் வேலை செய்தார். எங்கள் பக்கம் பதனிடும் தொழிற்சாலையை ஷாப் என்றுதான் சொல்வோம். வேலை இல்லாத நாளில் அவரும் ஆட்டோடு வந்துவிடுவார். அதிகம் பேசாத மனிதர். பேசினால் அவளைவிட மோசம். ஒருநாள் நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, முகத்தை ரொம்ப மரியாதையாக வைத்துக்கொண்டு கேட்டார்:

"மான் புழுக்கைய எண்ணி கவருமென்ட்டுக்கு அனுப்புறீங்க. அப்படியே எங்க வூட்டு ஆட்டுப் புழுக்கையும் எண்ணி அனுப்பிச்சா, ரேசன்ல அரிசி ஜாஸ்தியா குடுப்பாங்களா மேடம்?"

அவள் சிரித்ததில் முறத்திலிருந்த தூள் பறந்தது. பீடித் தூள் வாடை. அவள் கையிலும் சேலையிலும் எப்போதும் இருக்கும் அந்தக் காரம்.

வாடை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மூக்கு விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. ரயிலோ பஸ்ஸோ ஆம்பூரை நெருங்கும்போது வெளியூர்க்காரர்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். நாங்கள் எடுக்க மாட்டோம். "இன்னா வாடை? எங்களுக்கு ஒண்ணும் வரலியே" என்போம். ஷாப்பில் புதிதாகச் சேர்ந்தவன் முதல் வாரம் வாந்தி எடுப்பான். ரெண்டாவது வாரம் மூக்கைத் தேய்ப்பான். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பான். வாடை நின்றுவிட்டால் பழகிவிட்டான் என்று அர்த்தம், இனி பயமில்லை என்று அர்த்தம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. அது எங்கள் உடம்பில் இருந்தது. வேலூரில் பிறந்து வளர்ந்த எனக்கும் அந்தக் கிராமத்துக்கு வந்த சில நாட்களிலேயே வாடை நின்றுபோனது. ஊர் என்னை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன்.

அந்த வருடம் மழை இல்லை. அதற்கு முந்தின வருடமும் இல்லை. பாலாறு எப்போதும் மணல்தான். அந்தக் கோடையில் மணலும் சூடேறிப் புகைகிற மாதிரி இருந்தது. மலைமேல் சுனைகள் வற்றிவிட்டன. புள்ளிமான்கள் பட்டப்பகலில் இறங்கி வரத் தொடங்கின. விலா எலும்பு தெரியும் மான்கள். ஊர் நாய்கள் அவற்றுக்காகவே காத்திருந்தன.

மானைக் கண்டால் ஊருக்கே பயம். மானுக்கு நாங்கள் இரங்கினோம், அது வேறு. முந்தின வருடம் நிலக்கடலைக் கொல்லை ஒன்றில் நாய் கடித்த மான் ஒன்று செத்துக் கிடந்தது. வனத்துறைக்காரர்கள் கொல்லைக்காரரைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். கண்ணி வைத்தாயா, விஷம் வைத்தாயா, கறியை யாருக்கு விற்கப் பார்த்தாய். அவர் வீடு திரும்பியபோது ஆளே பாதியாகியிருந்தார். அதிலிருந்து, மான் எங்கே செத்தாலும் அந்த இடத்துக்குக் கிட்டத்தில் இருப்பவன் தொலைந்தான் என்று ஊரில் முடிவாகிவிட்டது. ஆடு மேய்ப்பவர்கள்தான் எல்லா இடத்துக்கும் கிட்டத்தில் இருப்பவர்கள்.

அந்தக் கோடையில் பச்சை என்று கண்ணுக்குப் பட்டது இரண்டே இடம். ஒன்று, என் கம்பி வேலிக்குள். இன்னொன்று, மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் மூடிக் கிடந்த பழைய ஷாப்பின் கழிவுத் தொட்டி. ஷாப்பை மூடிப் பல வருடம் ஆகியிருந்தது. தரை மட்டத்தில் செங்கல் கட்டிய பெரிய தொட்டி; இரண்டு ஆள் ஆழம் இருக்கும். அடியில் கசடு. மேலே ஏடு கட்டி, அந்த ஏட்டின்மேல் மண் படிந்து, கோரையும் சம்பும் முளைத்திருந்தன. வறட்சியில் ஏடு கீழே இறங்கி, சுவரின் உட்பக்கத்தில் வரிசையாக அடித்திருந்த இரும்புப் படிகள் வெளியே தெரிந்தன. ஆடு போகாமல் இருக்க ஊர்க்காரர்கள் சுற்றிலும் முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஆட்டுக்கு அது போதும். நாய் துரத்தும் மானுக்குப் போதாது.

அன்று காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் தொட்டிக்குச் சற்றுத் தள்ளி மண் எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் புங்கமரத்தடியில். அவள் கணவர் தொரட்டிக்கோலால் வேலிகாத்தான் காயை இழுத்து ஆடுகளுக்கு உதிர்த்துக்கொண்டிருந்தார். நாய்ச் சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். ஒரு பெட்டை மான், முள்ளைத் தாண்டி ஒரு தாவு தாவியது. கால் நான்கும் பச்சையில் இறங்கின. பச்சை கிழிந்தது.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஈரத் துணியை அடித்துத் துவைக்கிற மாதிரி ஒன்று. அப்புறம் உள்ளே அது உதறும் ஓசை. பின்னாலேயே வாடை எழும்பி வந்தது. எங்களுக்கே தாங்காத வாடை. அழுகிய முட்டையை முகத்தில் உடைத்த மாதிரி. நாய்கள் விளிம்பு வரை வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடிவிட்டன. அன்று அங்கே புத்தியோடு இருந்தவை அவைதான்.

"ஐயோ, கேஸு" என்றார் அவர். மான் என்று சொல்லவில்லை, தன்மேல் விழப்போகும் வழக்கைத்தான் சொன்னார். தொரட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

"யோவ், இரு. ஆளுங்க வரட்டும்" என்று அவள் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஆளுங்க வர்றதுக்குள்ள அது செத்துப்பூடும். செத்துச்சின்னா நான்தான் மொதல் ஆளு. மேடம், உங்க கயிறு எடுத்தாங்க!"

நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு ஓடி வருவதற்குள் அவர் தலைத் துண்டை உருவி மூக்கில் கட்டிக்கொண்டு படியில் இறங்கிவிட்டார். கீழே ஏடு அவரைத் தாங்கியது. மான் இடுப்பளவு அமிழ்ந்து கிடந்தது. உதறல் குறைந்திருந்தது. அவர் அதன் கழுத்தைப் பிடிக்கக் குனிந்தார். குனிந்தவர் மெதுவாக உட்கார்ந்தார். வேலை செய்து களைத்தவர் கொஞ்சம் உட்காருவாரே, அப்படி.

"யோவ், இன்னா உக்காந்துட்ட? மான புடி!" என்றாள் அவள், மேலிருந்து.

அவர் முன்பக்கமாகச் சாய்ந்தார். முகம் மானின் முதுகில் பட்டது. அப்புறம் அதிலிருந்தும் நழுவியது.

அவள் கத்தின கத்தலில் ரோட்டில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவர் குதித்து ஓடி வந்தார். அவரும் ஷாப் தொழிலாளி. ஊரில் பாய் என்று கூப்பிடுவார்கள். அவள் கணவரும் அவரும் ஒருவரையொருவர் தோஸ்த் என்றுதான் அழைப்பார்கள். ஒரே பஸ்ஸில் ஒரே படியில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனவர்கள். உள்ளே எட்டிப் பார்த்தார். என் தண்ணீர் பாட்டிலை வாங்கித் துண்டை நனைத்து முகத்தில் இறுக்கினார்.

"பாய், வோணாம் பாய்" என்றாள் அவள்.

"நான் எத்தினி தொட்டி கழுவினவன் தெரியுமா? நீ பேஜாராவாத. இதோ தூக்கிகினு வர்றேன்."

பாதிப் படியில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். அண்ணாந்து என்னைப் பார்த்தார். அந்தக் கண்கள் நன்றாக ஞாபகம் இருக்கின்றன. நிம்மதியான கண்கள்.

"வாடையே இல்ல மேடம். நின்னு போச்சி. கயிறு மட்டும் உடுங்க, கட்டிடறேன்."

கயிற்றை விட்டேன். அவர் கை அதைப் பிடித்தது. பிடித்த கை அப்படியே திறந்தது.

நான் இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. 

சுற்றிலும் யாரும் இல்லை. ஆட்கள் வேலை செய்யும் ஷாப் தூரத்தில் இருந்தது. எங்கள் கூச்சல் கேட்டுக் கொல்லைகளிலிருந்து சிலர் ஓடி வருவது சின்னச் சின்னப் புள்ளியாகத் தெரிந்தது. நான் கயிற்றின் ஒரு முனையை வேலிகாத்தான் அடிமரத்தில் கட்டினேன். மறுமுனையை என் இடுப்பில் கட்டினேன். விளிம்பில் குந்தி உள்ளே முகத்தை நீட்டினேன். பாய் சொன்னது சரிதான். வாடை இல்லை. சற்று முன்னால் முட்டை அழுகின மாதிரி வீசிய காற்று இப்போது வெறும் காற்றாக இருந்தது. எதுவும் இல்லாத, சுத்தமான காற்று. கெட்டதெல்லாம் வெளியேறிவிட்டது, இனி இறங்கலாம் என்று என் உடம்பு சொல்லிற்று. அந்த மாதிரி ஒரு தெளிவு அதற்கப்புறம் எனக்கு எந்த விஷயத்திலும் வந்ததில்லை. ஒரு காலை முதல் படியில் வைத்தேன். மற்ற கால் அடுத்த படிக்காக எழுந்தது.

யாரோ என் பின்னலைப் பிடித்து இழுத்தார்கள்.

மண்டையோடு பிய்ந்து வருகிற மாதிரி ஓர் இழுப்பு. மல்லாக்க விழுந்தேன். விழுந்த என்னை முள்ளின்மேலேயே இழுத்துக்கொண்டு போய், மார்பில் ஏறி உட்கார்ந்தாள் அவள். நான் திமிறினேன். "விடுக்கா, வாடை இல்ல, நான் கட்டிட்டு வந்துடறேன்" என்று கத்தினேன். அவள் என் வாயை மூக்கோடு சேர்த்துப் பொத்தினாள்.

"ரெண்டு பேரு போய்ட்டாங்க. போதும். நீ போவாத."

அவள் கைக்குள் திணறிக்கொண்டே கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு முதலில் திரும்பி வந்தது பீடித் தூள் வாடை. அவள் உள்ளங்கையில் இருந்த அந்தக் காரம் மெல்ல, எங்கிருந்தோ நடந்து வருகிற மாதிரி என் மூக்குக்குள் வந்தது. அதன் பின்னாலேயே அழுகிய முட்டை வந்தது. அது எங்கேயும் போயிருக்கவில்லை. அங்கேயேதான் இருந்திருக்கிறது. நான்தான் இல்லாமல் போயிருந்தேன். புரண்டு படுத்து வாந்தி எடுத்தேன்.

அவள் எழுந்தாள். கணவர் கீழே போட்டிருந்த தொரட்டியை எடுத்தாள். காற்று வருகிற பக்கமாய்ப் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்த நீளக் கோலை உள்ளே விட்டு அவர் சட்டையைக் கொக்கியில் மாட்ட முயன்றாள். மாட்டியது. இழுத்தாள். நானும் தவழ்ந்து போய்க் கோலின் நுனியைப் பிடித்தேன். துணி கிழிந்தது. மறுபடி மாட்டினோம். மறுபடியும் கிழிந்தது. கொக்கியில் ஒரு கந்தல் மட்டும் மேலே வந்தது. அவள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் எட்டிப் பார்த்ததும் இறங்கத்தான் ஓடினார்கள். சட்டையைக் கழற்றினார்கள், துண்டை நனைத்தார்கள், "வாடை அவ்ளோ இல்லியே" என்றார்கள். அவள் படிக்கு முன்னால் நின்று தொரட்டியைச் சுழற்றினாள். உண்மையாகவே சுழற்றினாள். ஒருவர் தோளில் இரும்புக் கொக்கி பட்டு ரத்தம் வந்தது. அவள் கொழுந்தனார் ஓடி வந்தார்.

"எங்கண்ணன் உள்ள கெடக்கறான். கோல வச்சிகினு வழி மறிக்கிறியா? நவுரு!"

"உங்கண்ணன் போய்ட்டாரு. நீயும் போய்ட்டா, உம் பொண்டாட்டிக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"நீ இன்னா டாக்டரா, போய்ட்டாருன்னு சொல்றதுக்கு? கொலகாரி, நவுருடி!"

அவள் நகரவில்லை. நான் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.   ஒரு பெண், தன் புருஷன் கிடக்கும் குழிக்கு முன்னால் நின்று, அவனைத் தூக்க வருகிற ஒவ்வொருவனையும் அடித்து விரட்டிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதால் கோல் நழுவும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தீயணைப்பு வண்டி வந்து, முகமூடியும் முதுகில் சிலிண்டருமாய் ஓர் ஆள் இறங்குகிற வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள். அவர் இறங்கியபின்தான் தொரட்டியைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

இரண்டு பேரையும் மேலே கொண்டுவந்தார்கள். மானையும் கொண்டுவந்தார்கள். மூன்றின் மேலும் ஒரே நிறக் கசடு. ஜீப்பில் வந்த வனத்துறைக்காரர்கள் மானைக் கழுவி, பார்த்து, ஏதோ எழுதிக்கொண்டார்கள். இதில் யார் மேலும் கேஸ் இல்லை என்று ஊர்ப் பெரியவரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் கணவர் பயந்தது நடக்கவில்லை. அதைக் கேட்க அவர் இல்லை.

அன்று சாயங்காலம் என்னை வேலூருக்குக் கொண்டுவந்து விட்டார்கள். என் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். நடந்ததைக் கேட்டதும் என்னை உட்காரவைத்து, திரும்பத் திரும்பத் தலையை அலசினாள். முடியிலிருந்து வாடை போகவில்லை. அலசிக்கொண்டே சொன்னாள்: "கசட்டுலேர்ந்து வர்ற அந்த வாயு மொதல்ல மூக்கைத்தான் கொல்லும். வாடை வர்ற வரைக்கும் ஓடறதுக்கு நேரம் இருக்கு. வாடை நின்னுட்டா நேரம் இல்லை." இது நானும் கல்லூரியில் படித்ததுதான். பரீட்சையில் எழுதியும் இருப்பேன். ஆனால் எங்கள் ஊர்க்காற்று அதற்கும் முன்னால் வேறொன்றை எனக்குள் எழுதிவைத்திருந்தது.

மறுநாள் ஒருவரைப் பள்ளிவாசலுக்குப் பின்னாலும், ஒருவரை ஏரிக்கரை ஓரத்திலும் அடக்கம் செய்தார்கள். பாயின் மனைவி பர்தாவுக்குள் இருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆடு மேய்ப்பவளின் வீட்டில் பேசினார்கள். அவள் மாமியார், கொழுந்தனார், வந்த உறவு, போன உறவு எல்லோரும் பேசினார்கள். "எறங்க வந்தவங்கள தடுத்துட்டா." "ஒருத்தன் எறங்கியிருந்தாக்கூட எம்புள்ள பொழச்சிருக்கும்." "புருஷன உட்டுட்டு அந்த மேடத்தப் போய் இழுத்தா பாரு." நான் நடுவில் உட்கார்ந்து, தெரிந்த தமிழில் எல்லாம் விளக்கிப் பார்த்தேன். வாயு, கனம், நுரையீரல், நொடி. "நீ பொழச்சிகின, நீ சொல்லுவ" என்றார் மாமியார்.  

சில வாரங்கள் கழித்து மறுபடி மேய்ச்சல் நிலத்துக்குப் போனேன். அவள் புங்கமரத்தடியில் இருந்தாள். முறம் மடியில். ஆடுகள் எலும்பும் தோலுமாய் நின்றன. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் பீடி சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு, இலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

"நீ எறங்கியிருந்தா அவரு பொழச்சிருப்பாரா மேடம்?"

"மாட்டாருக்கா."

"நீ?"

"நானும் இருந்திருக்க மாட்டேன்."

"கரீட்டா சொல்றியா?"

"கரீட்டா சொல்றேன்."

"சரி" என்றாள். பீடியை மடித்து நூலால் கட்டினாள்.

நான் எழுந்து போய் என் நான்கு வேலிகளின் கம்பியையும் அவிழ்த்தேன். பல வருட வேலை அது. எனக்கு ஆராய்ச்சி வழிகாட்டியாக இருந்தவர் அதற்கப்புறம் நெடுநாள் என்னோடு பேசவில்லை. அவர் கோபம் நியாயம்தான். ஆனால் ஊரில் பச்சை என்று மிச்சம் இருந்தது அதுதான், பசியோடு நின்றவை அந்த ஆடுகள்தான். கணக்கு எனக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. ஆடுகள் முதலில் நம்பவில்லை. கம்பி இருந்த இடத்தில் வந்து நின்று யோசித்தன. பிறகு ஒன்று உள்ளே போயிற்று. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஜெயில்ல இருந்த புல்லுக்கு ருசி ஜாஸ்தி போலக்குது" என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தத் தொட்டியை மண் கொட்டி மூடிவிட்டார்கள். இப்போது அதன்மேல் நல்ல புல். மழைக்காலத்தில் கண்ணைப் பறிக்கும் பச்சை. நான் அதன்மேல் கால் வைப்பதில்லை. அந்தப் பக்கத்தையே விட்டு எங்கெங்கோ அலைந்தேன். வேறு மலை, வேறு மேய்ச்சல் நிலம், வேறு மண். எந்த ஊரிலும் நெடுநாள் தங்க முடியவில்லை. ரயில் ஆம்பூரைத் தாண்டும்போது பக்கத்து சீட்காரர் மூக்கைப் பொத்துவார். நான் மூச்சை நன்றாக இழுத்துப் பார்ப்பேன். வாடை வந்தால் மனசு அடங்கும். வராத நாளில், ஸ்டேஷன் தாண்டுகிற வரைக்கும் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அவள் இப்போது ஆடு வைத்திருக்கவில்லை. மகள் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள். மாமியார் கடைசிவரை அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காமலேயே போய்ச் சேர்ந்தார். கொழுந்தனார் பெண்டாட்டி பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறார். எதிரில் வந்தாலும் இவளைப் பார்க்க மாட்டார். வருடத்துக்கு ஒருமுறையாவது நான் போவேன். போக முடியாவிட்டால் போன் செய்வாள். மழை உண்டா, உடம்பு எப்படி இருக்கிறது, முடி நரைத்துவிட்டதா என்று எல்லாம் கேட்டுவிட்டு, வைக்கப் போகும்போது, ஏதோ மறந்ததைக் கேட்பதுபோல, "நீ எறங்கியிருந்தா அவரு பொழச்சிருப்பாரா மேடம்?" என்பாள். மாட்டாருக்கா என்பேன். சரி என்று வைத்துவிடுவாள்.

எழுதியும் கிழித்தும் அலைந்தும் இத்தனை வருடம் நான் என்ன செய்தேன் என்று யோசித்தால் பெரிதாக எதுவும் தோன்றுவதில்லை. ஆனால் ஊரே அவளைக் கொலைகாரி என்று சொல்லும்போது, அவள் கேட்கும் ஒவ்வொரு முறையும் "மாட்டாருக்கா" என்று சொல்ல இந்த உலகத்தில் ஒருத்தி உயிரோடு இருக்க வேண்டியிருந்தது, அந்த ஒருத்தியைத்தான் அன்று காலை அவள் பின்னலைப் பிடித்து இழுத்துப் போட்டாள் என்று மட்டும் தோன்றுகிறது.